சகன் கொயில், சோசர் கொயில், ஒரு மோதிரம்

முதல்ல ஒண்டு சொல்லிர்றேன். எங்கட பக்கத்துல மெட்டல் டிடெக்டர் வெச்சிரிக்கிற ஒரே பொம்பளப்புள்ள நான்தான். ஆம்பளைங்கள்லயும் ஆரும் இல்ல. அதால கொஞ்சம் எடுப்பாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

மெசின் நான் வாங்கினது இல்ல. கண்டக்குழியில ஒரு லொட்ஜ்ல ரிசெப்சன்ல நிக்கிறேன். காத்துல பட்டம் மாதிரி ஒண்டக் கட்டிட்டுத் தண்ணிக்கு மேல பறக்கிற வெள்ளக்காரங்க வந்து தங்குற இடம். கெம்பஸ்ல பிசிக்ஸ் முடிச்சிட்டு, வேற நல்ல வேல கிடைக்குமட்டும் எண்டு சேந்தது. போன சீசன்ல ஒரு வயசான வெள்ளக்காரர் வந்தார். மத்தவங்க எல்லாம் பறக்க, இவர் மட்டும் காதுல ஹெட்போனப் போட்டுக்கிட்டு கடக்கரையில மெசின ஆட்டி ஆட்டி நடப்பார். நான் டியூட்டி முடிஞ்சதும் பின்னாலயே போவேன். "இது எப்பிடி வேல செய்யிது, அது என்ன சத்தம்" எண்டு மனுசன அறுத்து எடுத்துட்டேன். போற நாள் அவர்ட பேக் பாரம் கூடிட்டு. மெசின என்ட மேசையில வெச்சிட்டு, "நீயே வெச்சிக்க" எண்டுட்டுப் போயிட்டார்.

மெசினோட மூண்டு கொயில் இருந்திச்சி. கொயில் எண்டா, தண்டுக்கு அடியில, நிலத்தோட ஒட்டினாப்போல ஆட்டுற தட்டு. உள்ளுக்குக் கம்பி சுத்தியிரிக்கும். மெசினுக்கு அதுதான் மூக்கு. தேவைக்கு ஏத்தாப்போல கழட்டி மாத்தலாம்.

மூண்டுக்கும் நானே பேர் வெச்சேன். பெரிய வட்டம் சகன். கல்யாண வீட்டுல ஆறு பேர் சுத்தியிருந்து சாப்பிடுற சகன் தட்டு அளவுக்கு இல்லதான், ஆனா முதல் தரம் பாக்கக்குள்ள எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சிச்சி. ரெண்டாவது நீட்டு, ஒடுக்கம், பப்பாசிய நெடுகப் பிளந்து வெச்ச மாதிரி. அது பப்பாசி. மூண்டாவது உள்ளங்கையக் கொஞ்சம் விரிச்சா மறைஞ்சிரும். அது சோசர்.

சகன எடுத்துட்டுக் கடக்கரைக்குப் போன மூண்டாம் நாளே ஒரு கெஸ்ட் வேன் சாவியத் தொலைச்சிட்டு நிண்டான். காஞ்ச மணல், திறந்த வெளி, வேற குப்பை இல்ல. ஒரு தரம் ஆட்டினா எவ்வளவு நிலம் பிடிக்கும்! பத்து நிமிசம். ஒரு சாண் ஆழத்துல இருந்திச்சி. அண்டையிலயிருந்து நான் மெசின் புள்ள. த்ரீவீல்காரங்க வரைக்கும் அப்பிடித்தான் கூப்பிட்டாங்க. நானும் நடக்கிற ஸ்டைல மாத்திட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும். பழைய காலத்துச் சாமான் தோண்டப் போனா சட்டத்துல மாட்டுவோம், அது எனக்குத் தேவையும் இல்ல. நான் தேடுறது நேத்து தொலைஞ்சத மட்டும்.

சகன் கையில இரிக்க மத்த ரெண்டும் என்னத்துக்கு? பெரிய வலையப் போட்டாத்தான் கூட மீன் வரும் எண்டதுதான் என்ட தியரி. பப்பாசி அலுமாரிக்கு மேல போயிட்டு. சோசர் எங்க போச்சு எண்டு ரெண்டு நாள் தேடினேன். உம்மா அத அச்சாறு முட்டிக்கு மூடியாப் போட்டிருந்தாங்க.

"உம்மா! இது கொயில்!"

"ஓம், நல்ல மூடி. வயர்ல பிடிச்சித் தூக்கலாம்."

நான் விட்டுட்டேன். உம்மாவோட வாதாடி வெண்டவங்க எங்கட வீட்டுல இல்ல. வாப்பா இருக்கக்குள்ளயும் இல்ல.

இனி மோதிரத்துக்கு வாறேன்.

என்ட காக்காவுக்கு, அதான் மூத்த அண்ணனுக்கு, எங்கட மாமாட மகளத்தான் பேசியிரிக்கி. எனக்கு அவ மச்சி, சின்ன வயசுலயிருந்தே கூட்டாளி. ரெண்டு மாசத்துக்கு முந்தி உம்மா போய் அவட விரல்ல மோதிரம் போட்டுட்டு வந்தாங்க. கடையில வாங்கின மோதிரம் இல்ல. வாப்பா உம்மாவுக்குக் கல்யாணத்துல போட்டது, சின்னதா ஒரு செவப்புக் கல்லு வெச்சது. வாப்பா மௌத்தாகி நாலு வருசமா உம்மா அதக் கழட்டவே இல்ல. அண்டைக்குத்தான் கழட்டினாங்க. போட்டுவிட்டுட்டு ஒரே ஒண்டுதான் சொன்னாங்க: "மீன் வேலைக்குப் போகக்குள்ள மட்டும் கழட்டி வெச்சிக்க மகள்."

புதன்கிழமை பகல் மச்சிட கோல். குரல் கிணத்துக்குள்ளயிருந்து வாற மாதிரி.

"மச்சி, ஒண்டும் கேக்காம மெசினத் தூக்கிட்டு வாடிக்கு வா."

"என்னடி தொலைஞ்சிச்சி?"

"ஒண்டும் கேக்காத எண்டு சொன்னேனா இல்லையா?"

விளங்கிட்டு.

மாமாட கருவாட்டு வாடி கடக்கரையோட, அவங்கட வீட்ட ஒட்டினாப்போல இரிக்கி. தடி நட்டு, மேல பழைய வலையக் கட்டி, அதுல மீனப் பரப்பிக் காயவைக்கிற பரண் வரிசை வரிசையா நிக்கும். பரணுக்குப் பரண் நடுவுல ஒரு ஆள் சாஞ்சி போற அளவுதான் இடம். செவ்வாய்க்கிழம கட்டா மீன் குவிஞ்சிட்டாம். ஆள் போதாம மச்சியும் இறங்கி மீன் புரட்டியிரிக்கா. மோதிரத்தக் கழட்ட மறந்துட்டா. கை முழுக்க மீன் எண்ணெய், உப்புத் தண்ணி. எங்க, எப்ப வழுக்கினது எண்டே தெரியாது. புதன் காலையில பல்லு விளக்கக்குள்ளதான் விரல் வெறுமையாக் கிடந்ததப் பாத்திரிக்கா.

நான் போகக்குள்ள அவ அரிதட்டு ஒண்ட வெச்சி மணல அரிச்சிட்டு இருந்தா. பக்கத்துல, அங்க வேலைக்கு வாற ஒரு அக்கா. வன்னிப் பக்கத்துலயிருந்து யுத்தம் நடக்கக்குள்ள வந்து இங்கயே தங்கிட்டவ. கை ஒரு பக்கம் வேல செய்ய வாய் இன்னொரு பக்கம் வேல செய்யும்.

"வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சி மாமி வாறாங்க," மச்சி சொன்னா. மாமி எண்டது எங்கட உம்மா. "கல்யாண உடுப்புக்கு அளவெடுக்க. கையப் பிடிச்சித்தான் அளவெடுப்பாங்க. நான் என்னத்தக் காட்டுறது?"

"பரணக் கழட்டிட்டுத் தேடுவமா?"

"மேல மீன் கிடக்கு. கழட்டினா வாப்பா சந்தையால வந்ததும் கேப்பாரு. வாப்பாக்குத் தெரிஞ்சா மாமிக்குத் தெரிஞ்ச மாதிரி."

"பேசாம சொல்லிரு. உம்மா உன்னக் கொல்ல மாட்டாங்க."

"கொண்டாப் பரவாயில்லடி. ஏசினாலும் பரவாயில்ல." அவ அரிதட்டக் கீழ வெச்சா. "அது மௌத்தான மாமாட, உன்ட வாப்பாட ஞாபகம். மாமிட மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கிறது?"

நான் சகனத் தண்டுல பூட்டினேன். "பத்து நிமிசம்," எண்டேன். சத்தியமா அப்பிடித்தான் சொன்னேன்.

மீன் ஊத்தை படாம அபாயாவ முழங்கால் அடி வரைக்கும் தூக்கி, சுத்தி வர ஊக்கு குத்திக்கிட்டேன். பரணுக்கு அடியில நிண்டு ஆட்ட ஏலாது. தண்டச் சுருக்கி, குந்தியிருந்து, மெசின ஓன் பண்ணினேன்.

அல்லா! அந்தச் சத்தம்! நூறு தவளையக் காதுக்குள்ள விட்ட மாதிரி.

காரணம் இப்பச் சொல்றேன், அப்ப எனக்கு ஓடல. மீன் ஊறவெச்ச உப்புத் தண்ணிய வருசக்கணக்கா அந்த மணல்லதான் ஊத்துறாங்க. உப்பு ஈரம் எண்டா கரண்ட் ஓடும். மெசினுக்கு நிலமே உலோகம் மாதிரித் தெரியும். கொயில் பெருசாகப் பெருசாக அந்த உப்பையும் கூடக் கூடக் கேக்கும். இதுக்கு மேல ஆணி, கம்பித் துண்டு, சோடா மூடி, வலையில கட்டுற ஈயக்குண்டு எண்டு வாடிட முழுச் சரித்திரமும் அடியில கிடக்கு. சகன ஒரு இடத்துல வெச்சா, அதுக்கு அடியில நாலு சாமான் ஒண்டாக் கத்தும். எது எங்க எண்டு பிரிக்க வழியே இல்ல.

சத்தத்தக் குறைச்சி வெச்சிட்டுத் தோண்டினேன். ஆணி. ஆணி. தூண்டில் முள்ளு, அது கையிலயும் ஏறிச்சி. ஒரு டீக் கரண்டி.

"ஐயோ, இது நான் போன வருசம் தேடின கரண்டி!" எண்டு அக்கா பாஞ்சி வந்து வாங்கினா. "நல்ல மெசின் பிள்ளை! என்ர மற்றச் சாமானும் கொஞ்சம் இருக்கு, லிஸ்ட் தரட்டே?"

அதுக்குப் பிறகு ஒரு சத்தம் வந்திச்சி. சோக்கான சத்தம், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. இடது பக்கம் ஆட்டி முடியிற இடத்துல ஒண்டு. தோண்டினேன், ஒண்டும் இல்ல. கொஞ்சம் தள்ளிப் போனேன், அதே சத்தம், அதே பக்கம். தோண்டினேன். இன்னும் தள்ளினேன், அங்கயும். மோதிரம் எனக்குப் பின்னால ஊர்ந்து வருதா எண்டு ஒரு நிமிசம் பயந்துட்டேன். முக்கால் மணித்தியாலம் நாய் மாதிரி மண்ணப் பறிச்சிரிக்கேன்.

மச்சிதான் கண்டா. அழுதுட்டு இருந்தவ டக்கெண்டு சிரிச்சா.

"மச்சி, அது உன்ட ஊக்குடி!"

அபாயா ஓரத்துல சுத்தி வர எட்டு ஊக்கு. குந்தியிருந்து, தண்டயும் சுருக்கி, அவ்வளவு பெரிய கொயில ஆட்டினா அது ஒவ்வொரு தரமும் என்ட காலடிக்கே வந்து என்னையே கண்டுபிடிச்சிட்டுப் போகுது.

"கெம்பஸ்ல என்னடி படிச்ச?"

"காந்தப்புலம்."

"மூண்டு வருசமா?"

அக்கா மீனுக்கு மேலயே சரிஞ்சி விழுந்து சிரிச்சா. அவ அத இண்டைக்கும் மறக்கல. போன கிழமையும் கேட்டா, "பிள்ளை, ஊக்கு சுகமா இருக்கோ?" எண்டு.

வியாழக்கிழம டியூட்டி முடிஞ்ச கையோட பப்பாசியப் பூட்டிட்டுப் போனேன். ஊக்குக்குப் பதிலா அபாயா ஓரத்த ரப்பர் பேன்ட் போட்டுக் கட்டியாச்சு. உண்மையச் சொல்றேன், பப்பாசிக்கு நான் அநியாயம் செஞ்சிரிக்கேன். ஒடுக்கமான கொயில் எண்டதால பரண் தடி ரெண்டுக்கும் நடுவுல சும்மா சறுக்கிட்டுப் போகுது. நீளம் இரிக்கிறதால ஒரு தரம் ஆட்டக்குள்ள கொஞ்ச நிலமும் பிடிக்கிது. உப்புச் சத்தமும் பாதியாக் குறைஞ்சிட்டு. பரண் நடுவுல இரிக்கிற ஒழுங்கை ஒண்டு விடாம எல்லாத்தையும் முடிச்சேன். நாப்பது சோடா மூடி, ரெண்டு கை நிறைய ஈயக்குண்டு.

மோதிரம் இல்ல.

மிச்சம் இருந்தது தடிட அடி மட்டும்தான். ஒவ்வொரு தடியிலயும் ஆணி அறைஞ்சி கம்பி சுத்தியிரிக்கி, கழண்டு விழுந்த ஆணியும் அடியிலயே கிடக்கும். அந்த இடத்துக்குப் பப்பாசியக் கொண்டு போனா "டொர்ர்ர்" எண்டு ஒரே உறுமல். ஆணிட உறுமலுக்குள்ள மோதிரத்திட சத்தம் செத்துரும்.

"கொயில் பத்தாது," எண்டேன். "ஆழம் போகணும். சகனத் திரும்பப் பூட்டப் போறேன்."

மச்சி என்னப் பாத்த பார்வை இருக்கே. "செவ்வாய்க்கிழம விழுந்த மோதிரம் கிணறு தோண்டிக்கிட்டா போயிரிக்கும்? இங்கதான்டி கிடக்கும், மேலயே."

அக்கா கட்டாவப் புரட்டிக்கிட்டே, தலையக் கூட நிமித்தாம, "நெத்தலிக்கு ஆர் பிள்ளை சுறா வலை போடுறது?" எண்டா.

அப்பிடியே மணல்ல இருந்துட்டேன். பெரிய வலை, கூட மீன் எண்டு நான் ஊர் முழுக்கக் கதைச்சிட்டுத் திரிஞ்சேன். எங்கட ஊர்ல வலை வாங்கப் போற எவனும் நீளத்த மட்டும் கேக்க மாட்டான், முதல்ல வலைட கண்ணத்தான் பாப்பான். எந்த மீனுக்கு எந்தக் கண்ணு எண்டு. எங்கட மாமாவும் அப்பிடித்தான், செத்துப்போன என்ட வாப்பாவும் அப்பிடித்தான். நான் மட்டும் கண்ண விட்டுட்டு நீளத்த அளந்துட்டு இருந்திரிக்கேன். எனக்குத் தேவ ஆழம் இல்ல. ஆணியையும் மோதிரத்தையும் ரெண்டாப் பிரிச்சிக் காட்டுற சின்னக் கண்ணு.

சின்னக் கண்ணு உம்மாட அச்சாறு முட்டிக்கு மேல இருந்திச்சி.

வெள்ளிக்கிழம லொட்ஜ்ல லீவு சொல்லிட்டேன். உம்மா குளிக்கப் போன நேரம் பாத்து குசினிக்குள்ள பூந்தேன். மூடியக் கழட்டி, முட்டி வாயில ஒரு பீங்கானக் கவிழ்த்து வெச்சிட்டு ஓடிட்டேன். வழி முழுக்க என்ட பேக்ல மாங்கா அச்சாறு மணம்.

சோசரப் பூட்டினதும் முதல்ல பயந்தேன். சத்தமே இல்ல. உடைஞ்சிட்டோ எண்டு என்ட சாவியக் காட்டிப் பாத்தேன், கத்திச்சி. அவ்வளவு அமைதி. உப்பு மண்ணுல அது கேக்கிற பரப்பு அவ்வளவு குறைவு.

ஆனா சோசர் ஒரு தரத்துக்குச் சோசர் அளவு நிலத்தத்தான் பாக்கும். ஒரு தடிய முடிக்கவே அஞ்சு நிமிசத்துக்கு மேல போகும். முப்பத்தாறு தடி. மச்சி பின்னால வந்து, முடிஞ்ச தடிக்கெல்லாம் ஒரு வல நூலக் கட்டிக்கிட்டே வந்தா. ஒரு ஆணி கிடந்தா "டொர்" எண்டு ஒரு இடத்துல மட்டும் கேக்கும். விரலால தள்ளி எடுத்துட்டு அடுத்தது. பத்துத் தடி. இருவது தடி. முதுகு என்னோட கோவிச்சிக்கிச்சி. இருவத்தஞ்சாவது தடிக்கு வரக்குள்ள ஜும்மாக்குப் பாங்கு சொல்லிச்சி.

மச்சி நூலக் கட்டுறத நிப்பாட்டிட்டா. "விடு மச்சி. நான் சொல்லிர்றேன்."

"இன்னும் தடி இரிக்கி."

"மாமி வந்துருவாங்க."

"உம்மா எப்பவும் அரை மணித்தியாலம் லேட். நீ கட்டு."

கட்டினா. இருவத்தெட்டாவது தடி, உப்புத் தொட்டிக்குக் கிட்ட. வடக்கால கொண்டு போனா "டொர்". திரும்பக் கொண்டு வந்தா "டொர்... டிங்". குறுக்கால ஆட்டினேன். டொர் ஒரு பக்கம், டிங் ஒரு பக்கம், நடுவுல ரெண்டு விரல் இடைவெளி. சகன் எண்டா ரெண்டையும் ஒண்டா விழுங்கியிருக்கும். பப்பாசியும் அப்பிடித்தான் செஞ்சிச்சி. நேத்து இதே இடத்தத் தாண்டித்தானே போனேன்!

"தோண்டு," எண்டேன் மச்சிட்ட.

அவ விரல்ல முதல்ல வந்தது ஒரு துருப்பிடிச்ச ஆணி. அடுத்தது, மீன் செதிள் ஒட்டின, செவப்புக் கல்லு வெச்ச மோதிரம். ரெண்டு விரல்கடை ஆழம் கூட இல்ல.

அவ போட்ட சத்தத்துல கருவாட்டுக்கு வந்த காகம் எல்லாம் பறந்துட்டு. அக்கா ஓடி வந்து ரெண்டு பேரையும் மீன் கையோடயே கட்டிப் பிடிச்சா. நான் மெசினத் தலைக்கு மேல தூக்கிட்டு ஒரு சுத்து ஆடினேன். அந்த வீடியோவ ஆரும் எடுக்கல, எனக்கு அது இண்டைக்கும் கவல.

மோதிரத்தச் சவுக்காரம் போட்டு மூண்டு தரம் கழுவினோம். விரல்ல போட்டு முடிக்க வாசல்ல த்ரீவீல் சத்தம். உம்மா அரை மணித்தியாலம் முந்தி வந்துட்டாங்க.

இறங்கினதும் உம்மாட கண்ணு தடியில சாத்தி வெச்ச மெசின்லதான் விழுந்திச்சி. அப்பிடியே கீழ போய்ச் சோசர்ல நிண்டிச்சி.

"ஓ. என்ட மூடி இங்கயா வந்திரிக்கி?"

நான் வானத்தப் பாத்தேன்.

உம்மா மச்சிட கையப் பிடிச்சாங்க. அளவு நாடாவ எடுக்கல. கைய மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனாங்க. ஒரு மோப்பம்.

"கட்டாவா, சாளையா?"

"கட்டா மாமி," எண்டு மச்சி டக்கெண்டு சொல்லிட்டா. சொன்ன பிறகுதான் வாயப் பொத்தினா.

உம்மா மோதிரத்த விரல்லயிருந்து கழட்டினாங்க. இழுக்கவே தேவையில்ல, தானா வந்துட்டு. மச்சிட மூஞ்சி வெளிறிட்டு. கண்ணுல தண்ணி முட்டி, "மாமி, செவ்வாய்க்கிழம தொலைஞ்சிட்டு, நான் கழட்ட மறந்துட்டேன், இப்பத்தான் கிடைச்சிச்சி" எண்டு முழுக்கதையையும் ஒரே மூச்சுல கொட்டிட்டா. உம்மா கேட்டுக்கிட்டே தையல் பேக்கத் திறந்து வெள்ள நூல் கட்டைய எடுத்தாங்க.

"எனக்கும் இது கல்யாணத்தண்டைக்கு லூசுதான்," எண்டாங்க. மோதிரத்திட அடிப் பக்கத்துல நூல நெருக்கி நெருக்கிச் சுத்தத் தொடங்கிட்டாங்க. "ரெண்டாம் நாள் கிணத்தடியில விழுந்திச்சி. இவட வாப்பாதான் தேடி எடுத்து, இந்த மாதிரி நூல் சுத்தித் தந்தாரு. பிறகு நான் பருத்தேன், நூல் தேவைப்படல. உனக்குப் போட்ட அண்டைக்கே சுத்தியிருக்கணும். விரல் அளவு பாக்காம போட்டது என்ட பிழை, நீ ஏன் அழுற?"

பல்லால நூலக் கடிச்சி அறுத்து, மோதிரத்தத் திரும்ப விரல்ல தள்ளினாங்க. இப்பக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் ஏறிச்சி.

"கைய உதறு."

மச்சி உதறினா.

"இப்பிடியா உதறுற? மீன் புரட்டுற கையா இது?"

திரும்ப, பலமா உதறினா. மோதிரம் அசையல.

"இனிப் போய் அந்த மீனப் புரட்டிப் போடு, வெயில் போகப் போகுது," எண்டு உம்மா தொட்டிக் கட்டுல இருந்தாங்க. "அளவப் பிறகு எடுப்பம். இனி மோதிரத்தக் கழட்டிட்டுத்தான் மீன் வேலைக்குப் போகணும் எண்டும் இல்ல."

பிறகு என்னப் பாத்தாங்க. "மூடியக் கழட்டிட்டு ஓடின நேரமே எனக்குத் தெரியும், என்னமோ சின்னச் சாமான்தான் தொலைஞ்சிரிக்கி எண்டு. பெருசு எண்டாப் பெரியதத்தானே எடுத்துட்டுப் போயிரிப்ப?"

பிசிக்ஸ் படிச்ச எனக்கு அது விளங்க மூண்டு நாள் போச்சு. சோசரக் கழட்டித் துடைச்சி உம்மாட மடியில வெச்சேன். அங்கால மச்சி கட்டாவ ஒண்டொண்டாப் புரட்டிட்டு இருந்தா. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தரம் விரலத் தடவிப் பாத்தா. பத்துப் பதினஞ்சு மீன் போன பிறகு, பாக்கிறத மறந்துட்டா.